கடைசிக் கிணற்றுக்கு முதல் மணி

திருப்பதிக்குப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. மொட்டையா, கல்யாணமா என்றுதான் கேட்பார்கள். நானும் மச்சான் முனிரத்தினமும் ஒரு பிளைவுட் பெட்டியைத் துண்டில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடைக்காரரும் அதையே கேட்டார்.

"கம்ப்யூட்டர் மீட்டிங்கு" என்றான் முனிரத்தினம்.

"அங்க உனுக்கு இன்னாடா வேலை? பெருக்கப் போறியா?"

"பேசப் போறோம்."

"தெலுங்குலயா இங்கிலீசுலயா?"

"பெட்டி பேசும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

கார்வேட்டிநகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. வீட்டு விளக்கு எப்போதும் எரியும். கிணற்று மோட்டாருக்கு வேண்டிய மூன்று ஃபேஸ் கரண்ட் மட்டும் நினைத்த நேரத்துக்கு வரும், நினைத்த நேரத்துக்குப் போகும். அது எப்போது வரும் என்று பார்ப்பதற்காகவே ஒருவர் கழனியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருவருக்கு அன்று கூலி இல்லை.

பெட்டி அதற்காகச் செய்தது. உள்ளே ஒரு பழைய பட்டன் போன், ஒரு சின்ன போர்டு, மேலே சிவப்பு மஞ்சள் நீலம் என்று மூன்று பல்பு. மூன்றும் எரிந்தால் போன் தானாக ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொருவராக மிஸ்டு கால் கொடுக்கும். ஒரு மணி, உடனே கட். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போகும், லைன் அடைபடும், அடுத்தவனுக்கு மணி போகாது. ஊரில் இது சாமி கட்டளை மாதிரி ஆகிவிட்டது.

யாருக்கு முதலில் அடிப்பது என்று பெரிய சண்டை நடந்தது. கடைசியில் முனிரத்தினம்தான் ஒரு வழி சொன்னான். எந்தக் கிணறு தூரமோ அதற்கு முதல் மணி. இல்லாதவர்களுக்குச் சர்க்கார் கொடுத்த நிலமெல்லாம் மலையடிவாரத்தில் கல்லும் முள்ளுமான இடத்தில் இருக்கிறது. அங்கே நடந்து போய்ச் சேருவதற்குள் ரோட்டோரத்துக்காரன் பாதிக் கழனி பாய்ச்சிவிடுவான். அதனால் அங்கே கடைசிக் கிணற்றுக்காரி கன்னியம்மாவுக்கு முதல் மணி, ரோட்டோரத்து நாயுடு வீட்டுக்குக் கடைசிக்குச் சற்று முன். எனக்குக் கிணறே கிடையாது. என் எண் கடைசி.

நான் எட்டாவது வரை தமிழில் படித்தவன். அதற்கு மேல் தெலுங்கில்தான் என்றார்கள், ஓடிவிட்டேன். தடாவில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டினேன், பெங்களூரில் ஓட்டலில் மேஜை துடைத்தேன், பிறகு குவைத்துக்குப் போய் செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தேன். ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் வாங்க வராமல் போன கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் பழகினேன். லீவில் வந்த இடத்தில் இந்தப் பெட்டியைச் செய்தோம். என் பாஸ்போர்ட் சித்தூர் ஏஜெண்டிடம் இருந்தது. திரும்பப் போகிறாயா இல்லையா என்று அந்த வாரமே சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஹரிதா வந்தாள். திருப்பதியில் படிக்கும் பெண். கல்லூரி முகாமுக்கு எங்கள் ஊருக்கு வந்தவள் பெட்டியைப் பார்த்துவிட்டு எங்கள் பெயரை ஒரு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரைக் கலைக்கும் ஊர்க் காரியத்துக்கும் பயன்படுத்துகிறவர்கள் கூடும் கூட்டம். வந்து காட்டுகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் அங்கேயே இடமும் சம்பளமும் கொடுத்து வேலை செய்ய விடுவார்களாம். கிடைத்தால் நான் குவைத் போக வேண்டாம். அதற்காகத்தான் போனேன்.

*

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மனிதர்களைவிட மொட்டைகள் அதிகம். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்க, எல்லோரும் எதையோ இறக்கி வைத்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் இட்லி சாப்பிட்டோம். வேர்க்கடலைச் சட்னி நன்றாகவே இருந்தது. குவைத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் அதை நினைத்துக்கொண்டு வெறும் குபூஸ் ரொட்டி தின்றிருக்கிறேன். இங்கே தின்னும்போது குபூஸ் நினைவுக்கு வந்தது. என் வயிறு எப்போதும் அடுத்த ஊரில்தான் இருக்கும்.

எங்களுக்குக் கொடுத்த தங்குமிடம், மலைப்பாதை தொடங்கும் அலிபிரிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம். ஆட்டோக்காரர் எங்களைப் பார்த்ததும் மலைக்கு என்று முடிவு செய்துவிட்டார். சத்திரம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நேராகக் கொண்டுபோய்ச் சோதனை நடக்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போனார்.

துண்டில் கட்டிய பெட்டி. வெளியே தொங்கும் வயர். உள்ளே ஒரு செல்போன். காவலர் ஒருவர் தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினார். கீழே வை என்றார். பின்னால் போ என்றார். இன்னும் பின்னால்.

"இது என்ன?" என்று தெலுங்கில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முனிரத்தினம் முந்திக்கொண்டான். "கரண்டு வந்தா போன் அடிக்கும் சார்."

"எது வந்தால் எது அடிக்கும்?"

"மூணு பல்பும் எரிஞ்சா, உள்ள இருக்கிற போன் தன்னால வேலை செய்யும் சார்."

இதைவிட மோசமாக யாரும் விளக்கியிருக்க முடியாது. எங்களை வெயிலில் உட்கார வைத்தார்கள். பெட்டியை மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஒருவர் வந்து மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வயராகப் பிரித்தார். எங்களைத் தாண்டி மலைக்குப் போகிறவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டி முனிரத்தினத்தைப் பார்த்து, "என்ன பாவம் பண்ணினானோ" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

"நீ பேசாம இருந்திருக்கலாம் இல்ல?" என்றேன்.

"நெஜத்ததானே சொன்னேன்."

ஹரிதா ஸ்கூட்டியில் கல்லூரிக் கடிதத்தோடு வந்தபிறகுதான் விட்டார்கள். பிரித்துப் போட்டவர் வயர்களை ஒரு கேரிபேக்கில் போட்டு மரியாதையாகவே கொடுத்தார். "எங்களுக்குப் பலமநேர் பக்கம். அங்கேயும் இதே கரண்டுத் தொல்லைதான். எங்க அண்ணனுக்கு ஒன்று செய்து தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன்.

அன்று பொழுது முழுவதும் வயர் ஒட்டுவதிலேயே போயிற்று. கூட்டத்தில் காட்டும்போது ஊர்க்காரர்களை விட்டுவிட்டு சபையில் இருப்பவர்களுக்கு மட்டும் மணி போகிற மாதிரி மாற்றி எழுத வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தேன். ஊர்ப் பெயர்களை அழித்துவிடலாம் என்றால் முனிரத்தினம் ஒப்பவில்லை. "அழிச்சா மறுபடி அந்தச் சண்டைய யாருடா போடறது?" என்றான். வயர் வேலை முடிந்து மூன்று பல்பையும் எரிய வைத்துப் பார்க்கலாம் என்றால் சத்திரத்தில் வீட்டுக் கரண்ட் மட்டும்தான். ஒரு பல்பு எரிந்தது. சரியாகிவிட்டது என்று வைத்துவிட்டோம். மாற்றி எழுத வேண்டியதை இருவருமே மறந்துபோனோம்.

*

மறுநாள் கல்லூரிக்குப் போனோம். பெரிய ஹால். உள்ளே ஏசி. வெளியே மாங்காய்க் காலத்து வெயில். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னவர்கள், எல்லோர் மடியிலும் லேப்டாப். யாரும் எங்களை அவமதிக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். காபி எடுத்துக்கொள்ளுங்கள், உட்காருங்கள் என்று இடம் விட்டார்கள். அவர்கள் பேசிய இங்கிலீஷில் எனக்குப் பாதி புரிந்தது. முனிரத்தினத்துக்கு எதுவும் புரியவில்லை. ஏசியில் கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கினான்.

விசாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண் வாசலில் போடும் கோலத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினாள். ஒரு புள்ளியைத் தொட்டால் கோடு தானாகக் கிளம்பி எங்கும் முட்டாமல் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் சேர்ந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். பெங்களூர்ப் பையன் ஒருவன் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலைச் சங்கீதமாக மாற்றியிருந்தான். அது எனக்கு மறுபடியும் பஸ் ஸ்டாண்ட் இரைச்சலாகவே கேட்டது.

"இதுல ஊருக்கு இன்னா பிரயோஜனம்?" என்றான் முனிரத்தினம் என் காதில்.

"கேக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"நல்லாவா கீது?"

மத்தியானத்துக்கு முன்னால் எங்கள் முறை வந்தது. கூட்டத்தை நடத்தியவர் ஹைதராபாத்காரர், நல்ல மனிதர். நான் தெலுங்கில் சொன்னதை அவரே இங்கிலீஷில் சொன்னார். ஹரிதா சபையில் சிலரிடம் எண் வாங்கி பெட்டியில் ஏற்கெனவே இருந்த பெயர்களுக்குக் கீழே சேர்த்தாள். எலக்ட்ரீஷியன் ஏசி போர்டிலிருந்து மூன்று ஃபேஸ் லைன் இழுத்துக் கொடுத்தார்.

"ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டால் மோட்டார் தானாக ஓடுமே, ஆள் எதற்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓடும். மடை திருப்ப ஆள் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் எரியும், அணைக்க ஆள் வேண்டும்" என்றேன். தலையாட்டினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் எரிந்தன. கைதட்டினார்கள். எண் கொடுத்தவர்கள் செல்போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஒரு போனும் அடிக்கவில்லை.

பெட்டிக்குள் போன் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் சின்ன வெளிச்சம் எரிந்து அணைந்து எரிந்தது. முனிரத்தினம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"மச்சான். ஊருக்கு அடிக்குதுடா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டி எங்கள் ஊரில் என்ன செய்யுமோ அதையே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. கன்னியம்மாவுக்கு முதல் மணி போயாயிற்று. அடுத்து மலையடிவாரத்து மற்றக் கிணறுகள். அதற்கப்புறம் ஏரிக்கரை. ஊர் முழுவதும் முடிந்தபிறகுதான் இந்த ஹால்.

"பொறு. ஊரு முடிஞ்சதும் இங்க அடிக்கும்" என்றேன்.

"அங்க வெயில்ல எழுந்து போய்க்கினு இருப்பாங்கடா."

"நாலு நிமிஷம்டா. நாலே நிமிஷம்."

"நாலு நிமிஷத்துல மொத்த ஊரும் கழனிக்குப் பூடும்."

சபையில் யாரோ செருமினார்கள். நடத்தியவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். என் ஒரு வருஷம் அந்தப் பெட்டிக்குள் பெயர் பெயராக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நான் முனிரத்தினத்தின் கையைப் பிடித்தேன். அவன் என் கையை உதறிவிட்டு லைனைப் பிடுங்கினான். மூன்று பல்பும் அணைந்தன.

நடத்தியவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். மேடையில் ஏறினால் எந்த இயந்திரத்துக்கும் கூச்சம் வந்துவிடும் என்று சொன்னதாக ஹரிதா பிற்பாடு தெலுங்கில் சொன்னாள். எல்லோரும் அன்பாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எப்போது முடியும் என்று இருந்தது.

*

வெளியே வேப்பமரத்தடியில் முனிரத்தினம் பெட்டியிலிருந்த போனைப் பிடுங்கி ஊருக்கு அடித்தான். அவனுடைய சிம் அதில்தான் இருந்தது. முழு மணி போயிற்று. யாரும் எடுக்கவில்லை. அடுத்தவருக்கு அடித்தான், எடுக்கவில்லை. அடுத்தவர்.

"இன்னாடா ஒருத்தனும் எடுக்க மாட்டேன்றான்?" என்று கத்தினான். கத்தி முடித்தபோதே அவனுக்கு விளங்கிவிட்டது. அந்த எண்ணிலிருந்து வந்தால் எடுக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

நான் என் போனிலிருந்து அடித்தேன். சிலர் எடுத்தார்கள், திட்டினார்கள், திரும்பிப் போனார்கள். நாயுடு வீட்டில், இங்கே மணியே வரவில்லையே என்றார்கள். அவர்கள் முறை வருவதற்குள் லைனைப் பிடுங்கியாகிவிட்டது. கன்னியம்மா மட்டும் எடுக்கவில்லை. அவளுக்கு எண் படிக்கத் தெரியாது. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பக்கத்து வீட்டுப் போனுக்குத்தான் பேசுவாள். கன்னியம்மாவின் போனுக்கு வருவதெல்லாம் கரண்டுதான்.

நாங்கள் இன்னும் இரண்டு முறை அடித்தோம். அப்புறம் விட்டுவிட்டோம்.

"அடிச்ச மணியத் திருப்பி வாங்க ஒரு மணி வெக்கலயே மச்சான் நாம" என்றான்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஃபிரைட் ரைஸும் கோபி மஞ்சூரியனும். முனிரத்தினம் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ரசம் இல்லியா?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பசித்தது. தின்றேன். கோபமாக இருக்கும்போதும் எனக்குப் பசிக்கும். பல ஊர் வேலையில் வந்த பழக்கம்.

சாயங்காலம் பெயர் சொன்னார்கள். கோலம் வரைந்த பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் செய்தது அழகாகத்தான் இருந்தது. ஹரிதாவின் கண் கலங்கியிருந்தது. நடத்தியவர் என் தோளில் கை வைத்து, அடுத்த வருஷம் கட்டாயம் வாருங்கள் என்றார். வருகிறேன் என்றேன். அடுத்த வருஷம் குவைத் அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

*

மூன்றாம் நாள் காலை முனிரத்தினம், "வந்ததே வந்துட்டோம், மலைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாமா?" என்றான்.

"நீ போ" என்றேன். அவனும் போகவில்லை.

சித்தூர் பஸ்ஸில் ஏறினோம். பாகாலா தாண்டி சித்தூர் நெருங்கும்போது பஸ் நின்றுவிட்டது. மாங்காய்க் கூழ் கம்பெனி வாசலில் ஆரம்பித்த டிராக்டர் வரிசை ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. வண்டி வண்டியாக மாங்காய். சிலது அழுகத் தொடங்கிவிட்டது. டிராக்டருக்கு அடியில் ஆட்கள் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். எங்களுக்கு முன்சீட்டில் இருந்தவர் கீழே படுத்திருந்த ஒருவரிடம், "எப்போ உள்ளே விடுவாங்க?" என்று கேட்டார். "கூப்பிடுவோம்னு சொல்லியிருக்காங்க" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

முனிரத்தினம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் பெட்டி.

ஏஜெண்ட் ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே ஒரு கூட்டம். கடப்பா பக்கத்துப் பெண்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தெலுங்கில் ஒருவருக்கொருவர் அரபு வார்த்தை சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்ட் என்னைப் பார்த்ததும், "போகிறாயா?" என்றார். "போகிறேன்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

வெளியே வந்ததும் முனிரத்தினம் கேட்டான்: "எம்மேல கோவமா மச்சான்?"

"ஆமா."

"நாலு நிமிஷம் உட்டிருந்தா கெடச்சிருக்குமா?"

"தெரியல."

"எனுக்கும் தெரியல" என்றான். ஊர் பஸ் வந்தது, ஏறினோம்.

*

பொழுதிருக்க ஊர் சேர்ந்து நேராகக் கன்னியம்மா வீட்டுக்குப் போனோம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

"மணி அட்ச்சிச்சி நைனா" என்றாள் என்னிடம். "மூணு நாளு அடிக்காதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. சரி, சீக்கிரமா வந்துட்டாங்கன்னு நெனச்சிக்கினேன். ஏரில மண்ணு வெட்டற கரவுப் பணில இருந்தேன். நடுவுல போனா ஆஜர் போட மாட்டேன்னான் மேஸ்திரி. போடாட்டிப் போன்னு வந்துட்டேன். வழியில மறுபடி மறுபடி அட்ச்சிச்சி. சீக்கிரம் வான்னு கூப்டுதுன்னு ஓடனேன்."

"எடுத்திருக்கலாம் இல்ல அத்தே?" என்றான் முனிரத்தினம்.

"எடுத்தா குடி முழுகிப்பூடும்னு நீதானேடா சொன்ன?"

அவன் பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைத்தான்.

"அப்பால?" என்றேன்.

"அப்பால இன்னா? மோட்டார்கிட்ட குந்திகினு இருந்தேன். லைட்டு வர்ல. நீங்க அட்ச்சி வராம இருந்ததில்லயே. தோ வந்துடும், தோ வந்துடும்னு பொழுது சாய்றவரிக்கும் குந்திகினு இருந்தேன். தக்காளி வாடிக்கினு கீது, நானும் அதும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கினு இருந்தோம்." சிரித்தாள். எங்களால் சிரிக்க முடியவில்லை. "சாப்ட்டீங்களா?" என்று புடைத்துக்கொண்டே கேட்டாள்.

முனிரத்தினம் அன்றே பெட்டியை மோட்டார் கொட்டகையில் பழைய இடத்தில் மாட்டினான். சபைக்காரர்களின் எண்களை ஒவ்வொன்றாக அழித்தான். ஊர் வரிசை அப்படியே இருந்தது.

நான் கிளம்பிய நாளன்று காலையில் பையோடு பஸ்ஸுக்கு நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரியில் கரவுப் பணி என்கிற நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. மண்வெட்டிச் சத்தமும் மேஸ்திரியின் சத்தமும். என் சட்டைப் பையில் போன் ஒரு மணி அடித்து நின்றது.

என் எண் கடைசி. எனக்கு வந்துவிட்டது என்றால் எல்லோருக்கும் போய்விட்டது என்று அர்த்தம்.

ஏரியைப் பார்த்தேன். யாரும் வேலையை விட்டுக் கரையேறவில்லை. கன்னியம்மா இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். மறுபடி செருகிக்கொண்டாள். மண் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வரப்பின் மேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முனிரத்தினம் ஓடிவந்தான். வாய்க்குக் கையை வைத்துக் கத்தினான். "அத்தே! கன்னியம்மா அத்தே! வந்துகீது! மெய்யாலுமே வந்துகீது!" மற்றப் பெயர்களையும் கத்தினான். அதே வரிசையில். தூரத்துக் கிணறு முதலில்.

மேஸ்திரி திரும்பி ஏதோ சொன்னார். சில பெண்கள் நின்று கேட்டார்கள். கன்னியம்மா சட்டியை இறக்காமலே அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள், போடா என்கிற மாதிரி.

பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கே என்று கண்டக்டர் தெலுங்கில் கேட்டார். புத்தூர் ரயில் ஸ்டேஷன் என்றேன். வண்டி திரும்பும் இடத்தில் வயல் முழுவதும் தெரியும். மலையடிவாரத்துப் பக்கம் ஒரே ஒரு ஆள் வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தான். முனிரத்தினம். கன்னியம்மாவின் மோட்டாரைப் போட.